வராத தபாலைத் தேடிப் பிடிப்பது எப்படி

"தபால் பட்டுவாடா செய்யப்பட்டுவிட்டது, புகார் முடித்துவைக்கப்படுகிறது." தபால் வரவில்லை என்று புகார் கொடுத்தவர்களில் பலருக்கும் கிடைப்பது இந்த ஒற்றை வரிதான். வயிறு எரியும். ஆனால் அவர்கள் எழுதிய புகாரை எடுத்துப் பார்த்தால் அதிலும் ஒற்றை வரிதான் இருக்கும்: "எனக்கு வரவேண்டிய ஸ்பீடு போஸ்ட் வரவில்லை, நடவடிக்கை எடுக்கவும்."

தபால் ஒன்று பதிவான நிலையம், தபால் பிரிக்கும் மையம், பட்டுவாடா நிலையம், தபால்காரர் தினமும் சுற்றிவரும் பகுதியான பீட் என்று குறைந்தது நான்கு இடம் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறது. எந்த இடத்தில், எந்தத் தேதியில் நின்றது என்பதை நீங்களே கண்டுபிடித்து எழுதினால் அந்த அலுவலகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் எல்லோரும் திரையில் தெரிவதைப் படித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்திய அஞ்சல் துறையின் தபால் தமிழ்நாட்டுக்குள் தொலைந்தாலோ தாமதமானாலோ என்னென்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

எண் சரியா?

ஸ்பீடு போஸ்ட், பார்சல் எல்லாவற்றுக்கும் 13 இடம் கொண்ட எண் உண்டு. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. ஸ்பீடு போஸ்ட் என்றால் முதல் எழுத்து இ. அனுப்பியவர் போனில் வாசித்துச் சொன்ன எண்ணாக இருந்தால் ஓர் இலக்கம் மாறியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. "விவரம் இல்லை" என்று இந்தியா போஸ்ட் தளம் காட்டியதும் தபால் தொலைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். முதலில் எண்ணைச் சோதியுங்கள்.

நடுவிலுள்ள 9 இலக்கத்தில் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, வரும் மீதியை 11-லிருந்து கழியுங்கள். கிடைப்பதுதான் ஒன்பதாவது இலக்கம். விடை 10 என்றால் 0, விடை 11 என்றால் 5 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு 12345678: 8, 12, 12, 8, 15, 30, 63, 56, கூட்டினால் 204. 11 ஆல் வகுத்தால் மீதி 6. 11-லிருந்து 6 போனால் 5. ஆக முழு எண் 123456785. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எண்ணை எழுதியதில் தவறு. ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பதிவுத் தபாலுக்கும் இதே கணக்குதான்.

டிராக்கிங்கை எப்படிப் படிப்பது

தளத்தில் எண்ணைக் கொடுத்ததும் திரையில் வரும் ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கும்: தேதி-நேரம், அலுவலகத்தின் பெயர், அங்கே நடந்தது. பலர் கடைசியாகப் பதிவான வரியை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் கீழிருந்து மேலாக எல்லா வரியையும் படித்து, எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே அதிக நாள் போயிருக்கிறது என்று பாருங்கள். கோளாறு அங்கேதான்.

'புக்டு' என்பதோடு நின்றுவிட்டால் தபால் இன்னும் பதிவான நிலையத்தை விட்டே கிளம்பவில்லை, அல்லது பையில் போட்டதை ஸ்கேன் செய்யவில்லை. ஒரு நாள் பொறுக்கலாம். மறுநாளும் அப்படியே இருந்தால் அனுப்பியவர் அதே கவுன்டருக்குப் போய்க் கேட்க வேண்டும். உங்கள் ஊர் தபால் நிலையத்தில் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

'டிஸ்பேச்டு' என்று ஓர் இடத்தில் காட்டி, அடுத்த இடத்தில் 'ரிசீவ்டு' வரவே இல்லை என்றால் பை வழியில் இருக்கிறது, அல்லது வேறு ஊருக்குப் போய்விட்டது. சம்பந்தமே இல்லாத ஊரின் பெயர் நடுவில் தலைகாட்டினால் தபால் வழி தவறியிருக்கிறது. பெரும்பாலும் பின்கோடு பிழைதான் காரணம். இப்படிப் போனது திருப்பி அனுப்பப்பட்டு வந்துசேர சில நாள் பிடிக்கும், ஆனால் பெரும்பாலும் வந்துவிடும்.

'டிஸ்பேச்டு டு பி.ஓ.' என்று பார்த்தால் கிராமத்துக் கிளை அஞ்சலகத்துக்குப் பை போயிருக்கிறது என்று பொருள். அங்கே ஒரு கிளை அஞ்சல் அலுவலரும், சில இடங்களில் அவரோடு ஓர் உதவியாளரும் மட்டுமே. சிக்னல் இல்லாத ஊரில் தபால் கைக்கு வந்த பிறகும் திரை மாறாமல் இருக்கலாம். இங்கே முதலில் கேட்க வேண்டியது கிளை அஞ்சல் அலுவலரைத்தான்.

எவ்வளவு நாள் பொறுப்பது என்பதற்குத் துறை சொல்லும் அளவே போதும்: ஸ்பீடு போஸ்ட் உள்ளூருக்குள் 1 முதல் 2 நாள், ஒரே மாநிலத்துக்குள் 1 முதல் 4 நாள், நாட்டின் மற்ற இடங்களுக்கு 4 முதல் 5 நாள். அதற்கு மேல் மூன்று நாள் டிராக்கிங் அசையாமல் நின்றால் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

வீட்டில் ஆள் இருந்தும் 'கதவு பூட்டியிருந்தது'

எல்லோருக்கும் கோபம் வரும் இடம் இது. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்திருப்போம். மாலையில் 'டோர் லாக்டு' என்று வந்து நிற்கும்.

நடப்பது இதுதான். காலையில் தபால்காரரின் பெயரில் ஏற்றிய ஒவ்வொரு தபாலுக்கும் அன்று மாலைக்குள் ஏதாவது ஒரு குறிப்பு போட்டே தீர வேண்டும். ஒன்று பட்டுவாடா ஆக வேண்டும், இல்லையென்றால் ஆகாததற்குக் காரணம் பதிவாக வேண்டும். "நேரம் போதவில்லை" என்பதை யாரும் காரணமாகப் போட விரும்புவதில்லை. பார்சல் பெருகிவிட்டது, பீட் நீண்டுவிட்டது, வழக்கமான தபால்காரர் விடுப்பில் போனால் வீடு தெரியாத மாற்று ஆள் வருகிறார். மிஞ்சியதற்கெல்லாம் 'கதவு பூட்டியிருந்தது' விழுகிறது. காரணம் புரிகிறது, அதற்காகப் பொய்க் குறிப்பை ஏற்றுக்கொள்ள முடியாது. ஏனென்றால் அந்தக் குறிப்பு உங்கள் தலையில்தான் விடியும்: ஆள் இல்லை என்று பதிவான தபால் பட்டுவாடா நிலையத்தில் 7 நாள் வரை இருக்கும், பிறகு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வக்கீல் நோட்டீசாக இருந்தால் இன்னும் மோசம். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போனதை, பெறாவிட்டாலும் பெற்றதாகவே நீதிமன்றம் கருத இடம் உண்டு.

அதனால் அன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். குறிப்பு வந்த திரையைத் தேதி-நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாசலில் கேமரா இருந்தால், அல்லது அடுக்குமாடியில் செக்யூரிட்டி பதிவேடு இருந்தால், அந்த நாளின் பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள். உண்மையிலேயே வந்து கதவு பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டு ஒன்று விட்டுப் போயிருக்க வேண்டும். சீட்டு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் நேரில் போங்கள்.

நேரில் போவது

போனில் கேட்பதைவிட நேரில் போவதற்கே பலன் அதிகம். ஆனால் நேரம் முக்கியம். தபால்காரர்கள் தபாலைப் பிரித்து அடுக்கிக்கொண்டு பீட்டுக்குக் கிளம்பும் முன், பெரும்பாலும் பத்து மணிக்குள், அங்கே இருக்க வேண்டும். பதினொரு மணிக்குப் போனால் உங்கள் தபால் தபால்காரரின் பையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். கவுன்டரில் இருப்பவருக்கு உதட்டைப் பிதுக்குவதைத் தவிர வழியில்லை.

எந்த நிலையத்துக்குப் போவது என்பதிலும் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். பார்சலுக்கெனத் தனி பட்டுவாடா மையங்கள் வந்துவிட்டதால், தெருமுனையிலுள்ள தபால் நிலையத்தில் உங்கள் தபால் இல்லாமலே இருக்கலாம். டிராக்கிங்கில் 'அவுட் ஃபார் டெலிவரி' என்ற வரியில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்.

கையில் ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை, எண் எழுதிய தாள். வேறொருவரின் தபாலை வாங்கப் போனால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும், அவருடைய அடையாள அட்டை நகலும். கவுன்டரோடு நிற்காமல் போஸ்ட்மாஸ்டரிடம், "இந்த எண் எந்த பீட்டுக்குப் போயிருக்கிறது? அந்த பீட் தபால்காரரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை; பெரும்பாலான தபால் அங்கேயே மேஜைக்கடியிலோ அலமாரியிலோ கிடைத்துவிடும். உங்கள் பீட் தபால்காரர் யார் என்று தெரிந்துகொண்டு, உங்கள் போன் எண்ணை அவரிடம் கொடுத்து வையுங்கள். வழக்கமான தபால்காரர் வீட்டை அறிந்திருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

எழுத்தில் புகார்

நேரில் போயும் கிடைக்கவில்லையென்றால் எழுத்துக்கு மாறுங்கள். 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, இந்தியா போஸ்ட் தளத்திலோ புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். இது முதல் படி மட்டுமே, இங்கேயே நின்றுவிட வேண்டாம். தள்ளிப்போடவும் வேண்டாம், நாள் ஆக ஆகப் பதிவுகளைத் தேடுவது கடினம், மூன்று மாதம் தாண்டினால் புகாரையே எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

புகாரில் இருக்க வேண்டியது இந்த அளவுதான்:

"எண் ______. பதிவு செய்த தேதி ______, நிலையம் ______. டிராக்கிங்கின்படி ______ தேதி காலை ______ மணிக்கு ______ பட்டுவாடா நிலையத்துக்கு வந்துவிட்டது. அன்று மாலை 'கதவு பூட்டியிருந்தது' என்று குறிப்பு உள்ளது. அன்று நாள் முழுவதும் வீட்டில் ஆள் இருந்தோம். அறிவிப்புச் சீட்டு எதுவும் விடப்படவில்லை. கேமரா பதிவு உள்ளது. கேட்பவை: 1) அன்று இந்தத் தபால் எந்த பீட்டில் ஏற்றப்பட்டது? 2) தபால் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது? 3) பட்டுவாடா ஆனதாகச் சொன்னால் பெற்றவரின் கையெழுத்துப் பதிவின் நகல் தருக."

கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. 'டெலிவர்டு' என்று திரையில் காட்டி, தபால் உங்கள் கைக்கு வராதபோது உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அந்தக் கையெழுத்துதான். அடுக்குமாடிகளில் செக்யூரிட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ வாங்கி வைத்துவிட்டு மறந்திருப்பதும் உண்டு. எழுதும் முன் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சி.பி.கிராம்ஸ். அதில் அஞ்சல் துறையைத் தேர்ந்தெடுத்து, பழைய புகார் எண்ணையும், ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒரே பி.டி.எஃப். ஆக்கியும் சேருங்கள். இங்கே பதில் சொல்ல 21 நாள் கெடு. பதில் வெறும் ஒற்றை வரி என்றால், புகார் மூடப்பட்ட 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதைப் பலர் செய்வதே இல்லை. "நான் கேட்ட மூன்று கேள்விகளில் எதற்கும் பதில் இல்லை" என்று எழுதினால் போதும். மேல்முறையீடு வேறொரு, மேல்நிலை அதிகாரியிடம் போகிறது.

ஒரு தபால் என்றில்லாமல் உங்கள் தெருவுக்கே மாதக்கணக்கில் தபால் ஒழுங்காக வரவில்லையென்றால் வழி வேறு. போஸ்ட்மாஸ்டருக்கு மேல் உட்கோட்ட உதவிக் கண்காணிப்பாளரோ ஆய்வாளரோ, அவருக்கு மேல் கோட்டக் கண்காணிப்பாளர் அல்லது முதுநிலைக் கண்காணிப்பாளர், அவருக்கு மேல் மண்டல போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு மண்டலம். எல்லாவற்றுக்கும் மேல் சென்னையில் தலைமை போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுவதே பயனுள்ளது. பீட்டை மாற்றியமைக்கவும், காலியிடத்துக்கு ஆள் போடவும் முயற்சி எடுக்கக்கூடியவர் அவர். தெருவாசிகள் பத்துப் பேர் கையெழுத்திட்டு, ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் எந்தத் தபால் வரவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக் அதாலத் என்ற குறைதீர்ப்பு முகாம் நடக்கும். அதற்கு முன்கூட்டியே மனு அனுப்ப வேண்டும்; கடைசித் தேதி அறிவிப்பில் இருக்கும்.

ஆர்.டி.ஐ.

மேலே சொன்ன எதற்கும் அசையாதபோது தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலேயே கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

"ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும். தபால் பட்டுவாடா நிலையத்துக்கு வந்த தேதி-நேரம், ஒவ்வொரு நாளும் எந்த பீட்டுக்குக் கொடுக்கப்பட்டது, என்ன குறிப்பு போடப்பட்டது, கையெழுத்துப் பதிவின் நகல், உங்கள் புகாரின் மீது நடந்த விசாரணைக் கோப்பின் நகல். இவ்வளவும் பதிவுகள். விசாரணையே நடக்காமல் மூடப்பட்ட புகார் என்றால், அது இந்தக் கடைசிக் கேள்வியில் வெளிவரும்.

பணம் திரும்பக் கிடைக்குமா

கிடைப்பது சொற்பம், முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பீடு போஸ்ட் தாமதமானால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். தொலைந்தால் அல்லது சேதமானால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 47 ரூபாய் கட்டி அனுப்பிய அசல் சான்றிதழ் தொலைந்தால் நூறு ரூபாய் அளவுதான் கைக்கு வரும் என்று அர்த்தம். இது நியாயமில்லை, ஆனால் விதி இதுதான். அதையும் அனுப்பியவர்தான் கோர முடியும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அஞ்சலகச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, விதிகளில் சொன்னதைத் தாண்டி அஞ்சலகத்துக்குப் பொறுப்பில்லை என்கிறது. ஊழியர் வேண்டுமென்றே அல்லது மோசடியாகச் செய்தார் என்று காட்ட முடிந்தால்தான் அந்த ஊழியரைப் பொறுப்பாக்க முடியும். ஆர்.டி.ஐ. ஆவணம் கையில் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

அனுப்பும்போதே செய்ய வேண்டியவை

2025-இல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம்: 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இதற்கு மேல் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால் 'ரிஜிஸ்ட்ரேஷன்' சேர்க்கலாம். பெறுநர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையில் மட்டுமே தர வேண்டும். அதே 5 ரூபாய்க்கு ஓ.டி.பி. பட்டுவாடாவும் உண்டு, பெறுநரின் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் பட்டுவாடா முடியும். செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டுப் போகும் தொல்லைக்கு இதுதான் மருந்து. கவுன்டரில் அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். விலை மதிப்புள்ள பொருள் என்றால் இன்ஷூரன்ஸ் போடாமல் அனுப்பவே வேண்டாம்.

விலாசம் எழுதுவதில் பிழை விட்டால் மேலே சொன்ன எதுவும் பயன் தராது. தபாலைப் பிரிப்பவர் தெருப் பெயரைப் படிப்பதில்லை, பின்கோட்டைத்தான் பார்க்கிறார். சென்னை 17 என்று எழுத வேண்டிய தி.நகர் தபாலில் 600017 என்பது 600071 ஆகிவிட்டால் அது ஆவடி பக்கம் போய்விடும். முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா நிலையம். சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். கிராமம் என்றால் கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம் நான்கும் வேண்டும். புதூர் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று யாருக்கும் தெரியாது. போன் எண்ணை விலாசத்தின் கீழேயே எழுதுங்கள், மூலையில் அல்ல. அனுப்புநர் விலாசம் இல்லாத உறை திரும்பி வர வழியே இல்லை. 2025-இல் வந்த டிஜிபின் என்ற இடக்குறியீடு இடத்தைத் துல்லியமாகக் காட்டும்தான், ஆனால் பின்கோட்டுக்கு மாற்றாக அதை எழுதிவிடாதீர்கள்.

சாதாரண தபாலுக்கு எண் கிடையாது, தேடவும் முடியாது. ஆனால் தொடர்ந்து தாமதமாக வந்தால் உறையிலேயே சாட்சி இருக்கும். தபால்தலை மேல் விழுந்த முத்திரையில் அனுப்பிய தேதி; பின்பக்கம் பட்டுவாடா நிலையத்தின் முத்திரை இருந்தால் அதில் வந்துசேர்ந்த தேதி. முதல் தேதிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பத்து நாள் என்றால் தாமதம் வழியில். இரண்டாவது தேதிக்கும் உங்கள் கைக்கு வந்த நாளுக்கும் நடுவே பத்து நாள் என்றால் தாமதம் உங்கள் ஊர் நிலையத்தில். உறைகளைத் தூக்கிப் போடாமல் வாங்கிய தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதும் மனுவோடு அவற்றின் நகலையும் இணையுங்கள்.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம் இரண்டும் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகின்றன. வீடு மாறியவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விலாசத்தையும் போன் எண்ணையும் திருத்திய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பழைய வீட்டின் பட்டுவாடா நிலையத்திலும், புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.